புரெவி போன வழி: பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் ஒரே வரைபடம் செய்வது எப்படி?

2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பன் பக்கம் போய் வலுவிழந்து நின்றது. சூறாவளிக்கு எல்லை கிடையாது. நம்முடைய அனர்த்த வரைபடங்களோ பெரும்பாலும் தலைமன்னாரோடு நின்றுவிடும், அப்பால் வெறும் நீலம்தான். அந்த நீலத்துக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்து வரைய ஒரு சாதாரண மடிக்கணினியும் இணையமும் போதும்.

முதலில் வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருளை நிறுவுங்கள், இலவசம்தான். திறந்ததும் இடப்பக்கப் பட்டியலில் 'எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்' என்பதற்குள், யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும். இரண்டு தரம் சொடுக்கினால் அடிப்படை வரைபடம் வந்துவிடும்.

அடுத்தது சூறாவளியின் பாதை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா 'ஐபிட்ராக்ஸ்' என்ற பெயரில் உலகச் சூறாவளிகளின் பாதைகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. அதில் வட இந்தியப் பெருங்கடலுக்கான சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) தரவிறக்குங்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: கோப்பின் இரண்டாவது வரியில் தரவு இல்லை, அலகுகள்தான் இருக்கின்றன. அதை விட்டுவைத்தால் எண்களையெல்லாம் எழுத்து என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நோட்பேடில் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடுங்கள், எக்செல் வேண்டாம், அது நேரப் பத்தியின் வடிவத்தை மாற்றிவிடக்கூடும்.

பிறகு 'டிலிமிட்டட் டெக்ஸ்ட்' வழியாகக் கோப்பைச் சேர்த்து, பெயர்ப் பத்தியில் புரெவியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தேடித் தெரிவு செய்து, 'பாயின்ட்ஸ் டு பாத்' கருவியால் புள்ளிகளை நேர வரிசையில் கோடாக்குங்கள். தெரிவு செய்தவை மட்டும் என்ற பெட்டியில் சரி போட மறக்க வேண்டாம். நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டுங்கள். நல்லவேளை, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே கடிகாரம்.

இனி 'பஃபர்' கருவியால் கோட்டைச் சுற்றி 50 கிலோமீற்றர் வளையம். அதற்கு முன் கோட்டை, பாகையில் அல்லாமல் மீற்றரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு வலயத்துக்கு 'ரீபுரொஜெக்ட்' செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 50 என்பதை 50 பாகை என்று எடுத்துக்கொண்டு வளையம் பாதி ஆசியாவை விழுங்கும். திருகோணமலையும் பாம்பனும் இந்த ஒரே வலயத்தில் வருவதால் நமக்கு வேலை சுலபம்.

அப்புறம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்துத் தரும் 'குயிக்ஓஎஸ்எம்' என்ற நீட்சியை நிறுவி, வளையத்துக்குள் இருக்கும் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் எடுங்கள். இடைத்தங்கல் முகாம் அமைக்க முதலில் பார்ப்பது பாடசாலைகளைத்தானே. குச்சவெளியில் ஒரு புள்ளி, இராமேஸ்வரத்தில் ஒரு புள்ளி என்று இரு நாடும் ஒரே திரையில் தெரியும். புள்ளி இல்லாத ஊரில் பாடசாலையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், யாரும் இன்னும் குறிக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். தெரிந்த ஊராக இருந்தால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்த்துவிடலாம்.

வளையத்தை அபாய எல்லை என்றும் நம்பிவிடாதீர்கள். புரெவியின் மையம் மன்னார் வளைகுடாவில் நிற்க, வெள்ளம் சிதம்பரம் கோயிலுக்குள் வந்தது. மழைக்கு வேறு வரைபடம் வேண்டும். இது நடந்ததைப் படிக்கத்தான். எச்சரிக்கைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் நாடுங்கள்.

கடைசியில் அடிப்படை வரைபடம் தவிர்ந்த எல்லா அடுக்குகளையும் 'பேக்கேஜ் லேயர்ஸ்' கருவியால் ஒரே ஜியோபேக்கேஜ் கோப்பாக்குங்கள், அக்கரையில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அப்படியே திறக்கும்.