பி53 தேடப் போய்ப் பங்காளியைப் பிடித்த கதை

மார்ச் வந்தால் தரமணிப் பக்கத்து டீக்கடைகளில் எம்.எஸ்சி. பிள்ளைகள் லேப்டாப்பும் கையுமாக நிற்பார்கள். புராஜெக்ட் கொடுக்கும் மாதம். போன வாரம் ஒரு பெண் திரையை என் பக்கம் திருப்பி, "அக்கா, இந்த ட்ரீ சரியா இருக்கா?" என்றாள். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. படிக்கிற காலத்தில் நான் போட்ட அதே பி53 ட்ரீ: புற்றுநோயைத் தடுக்கும் அந்தப் புரதத்தைப் பல உயிரினங்களில் ஒப்பிட்டு, யாருக்கு யார் உறவு என்று காட்டும் மரம். அவளுடையதில் தவளை, என்னுடையதில் கோழி. இரண்டுமே மீனையும் தாண்டி வெளியே போய் நின்றிருந்தன.

ஃபைல் பெயரை மாற்றிப் போடுவது, அலைன்மென்ட்டை, அதாவது வரிசைகளை இடத்துக்கு இடம் பொருத்தி அடுக்கியதை, கண்ணால் பார்க்காமல் விடுவது போன்றவற்றை உங்கள் கைடே சொல்லிவிடுவார். எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறொன்று.

பங்காளியை அதே ஆள் என்று நம்புவது

மனித பி53 புரதத்தில் 393 அமினோ அமிலங்கள். அதை பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடல் கருவியில் போட்டு மற்ற உயிரினங்களில் தேடினால் நிறைய வரும். ஆனால் பி53க்கு பி63, பி73 என்று இரண்டு பங்காளிகள் உண்டு. ஒரே மூதாதை மரபணு இரட்டித்துப் பிரிந்த குடும்பம். டிஎன்ஏவைப் பிடிக்கும் நடுப்பகுதியில் மூவருக்கும் ஒரே முகச்சாயல். நமக்கு வேண்டியது ஆர்த்தோலாக், அதாவது வேறு ஊரில் இருக்கும் அதே ஆள். பாராலாக் என்பது பங்காளி. அவனை உட்கார வைத்தால் ஒப்பீடே பொய்.

நான் என்ன செய்தேன்? வந்ததில் நீளமானதுதான் முழுமையானது என்று நினைத்து எடுத்தேன். கோழியின் பி53 வெறும் 367 அமினோ அமிலம். நான் எடுத்தது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அது பி63. ட்ரீயில் கோழி தனியே போனதும் சந்தேகப்படவில்லை. "பறவைகளில் இந்த மரபணு வேகமாக மாறியிருக்கிறது" என்று ஒரு பக்கம் எழுதினேன். அந்த மரபணுவைப் பிரதியெடுக்கத் தேவையான சின்ன டிஎன்ஏ துண்டு, பிரைமரும் வாங்கியாயிற்று. வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கோழிக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு நீளம்?" மூன்று மாத உழைப்பு அந்த இடத்தில் முடிந்தது.

பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டும் அடையாளம், தேடுகிறவர்களுக்கு இது சின்னத் தப்பு இல்லை. பி63க்கென்று நோயியலில் தனி வேலை இருக்கிறது. புராஸ்டேட் திசுவில் அடிச்செல்கள் பி63 சாயம் ஏற்கும். புற்றுநோய்ச் சுரப்பிகளில் அந்த அடுக்கே இருக்காது. பி53 சொல்வது முற்றிலும் வேறு கதை.

தப்பிக்க வழி எளிது. கிடைத்த வரிசையைத் திருப்பி மனித மரபணுக்களில் தேடுங்கள். முதலில் பி53 வராவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். மனித பி63, பி73 இரண்டையும் வேண்டுமென்றே ட்ரீயில் சேருங்கள், அவர்களோடு போய் ஒட்டுகிறவர் யாரென்று தெரிந்துவிடும். பக்கத்து மரபணுக்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் இன்னும் நல்லது.

அந்தப் பெண் அங்கேயே நின்று தவளையைத் திருப்பித் தேடினாள். முதலில் வந்தது பி73. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்.

மாறாமல் இருப்பதெல்லாம் பயோமார்க்கர் இல்லை

மீனிலிருந்து மனிதன் வரை ஒரு பகுதி மாறவில்லை என்றால், அதன் வேலை முக்கியமானது, மாறினால் பெரும்பாலும் கெடுதல் என்று அர்த்தம். பயோமார்க்கர் என்றால் நோயாளிக்கும் நலமானவருக்கும் வித்தியாசம் காட்ட வேண்டும். பி53இல் புற்றுநோய்ப் பிறழ்வுகள் பெரும்பாலும் அந்த மாறாத நடுப்பகுதியில்தான் விழுகின்றன. ஆகவே எந்தப் பிறழ்வு கெடுதல் செய்யும் என்று ஊகிக்க ஒப்பீடு உதவும். அதற்கு மேல் நோயாளிகளின் திசு மாதிரிகள்தான் பேச வேண்டும்.

இட எண்ணை அப்படியே எடுத்துப் போவது

மனித பி53இல் 175ஆம் இடம் சுண்டெலியில் 172. அலைன்மென்ட்டைப் பார்த்து எண்ணுங்கள்.

யானை

ஆப்பிரிக்க யானையிடம் இந்த மரபணு 20 பிரதிகள் இருப்பது 2015இலேயே தெரியும். இன்ட்ரானோடு, அதாவது புரதமாகாத இடைத்துண்டுகளோடு, இருக்கும் அசல் ஒன்றுதான். எதை எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் யானையைத் தொடாதீர்கள்.