ஒரே சேலை, மூன்று தேதிகள்: நற்செய்திப் பணிக்கு நிதி கேட்போர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு இளம் குருவானவர் தன் பங்கின் (அவர் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதியின்) திட்ட விண்ணப்பத்தைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். கிளைக்கிராமங்களில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, இரண்டு வருடத் திட்டம். நன்றாகவே எழுதியிருந்தார். கூட்டல் பிழை இல்லை, இணைப்புகள் எதுவும் விட்டுப்போகவில்லை. அந்த மாதிரிச் சில்லறைத் தவறுகளைப் பற்றி நான் இங்கே பேசப்போவதும் இல்லை. இரண்டு தடவை படித்தால் அவை தானாகக் கண்ணில் படும்.

ஆனால் போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "சார், பணம் வந்ததும் முதல்ல மாதா கெபி, அதான் மாதா சிலை வைக்கிற குகை, அந்த வேலையை முடிச்சிடலாம்னு இருக்கேன். பயிற்சியை அப்புறம் பார்த்துக்கலாம். எல்லாம் ஆண்டவர் வேலைதானே?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளைச் சொன்னவன் நான்.

தவறான கதவைத் தட்டுவது

ஜெர்மனியில் ஆகன் என்று ஒரு நகரம். இரண்டு பெரிய கத்தோலிக்க நிதி நிறுவனங்களுக்கு அதுதான் தலைமையிடம். ஒன்று மிசெரியோர், 1958இல் ஜெர்மன் ஆயர்கள் (பிஷப்புகள்) தொடங்கியது. பசி, வறுமை, விவசாயம், தண்ணீர் ஆகியவை அதன் வேலை. இன்னொன்று மிசியோ. குருக்கள், அருட்சகோதரிகள், மறைக்கல்வியாளர்கள் ஆகியோரின் பயிற்சி என்று மேய்ப்புப்பணி பக்கம் நிற்பது. ஊர் ஒன்று, மதம் ஒன்று, ஆனால் கதவு வேறு. மறைக்கல்வி முகாமுக்கு மிசெரியோரிடம் விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, "இது எங்கள் பணி எல்லைக்குள் வராது" என்ற பதிலை வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

'துன்புறும் திருச்சபைக்கு உதவி' என்ற அமைப்பின் கதை எனக்குப் பிடிக்கும். வெரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்ற துறவி, 1947-48இல் போரில் வீடிழந்து வந்த ஜெர்மானியர்களுக்காகப் பக்கத்து நாட்டு விவசாயிகளிடம் பன்றிக்கொழுப்பு கேட்டு அலைந்தார். அதில் தொடங்கியது. இன்று உபதேசியாருக்கு (மறைக்கல்வியாளருக்கு) மோட்டார் சைக்கிள், வறிய பங்குகளின் குருக்களுக்குத் திருப்பலிக் கருத்துக் காணிக்கை (ஒருவரின் வேண்டுதலுக்காகப் பூசை வைக்கத் தரும் பணம்) என்று கொடுக்கிறார்கள். யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

ஆயரின் பரிந்துரைக் கடிதம்

முதல் நாளே கேட்டு வையுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஆயர் உரோமையில் இருப்பார்.

வந்த பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவது

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அப்போது நான் ஒரு கிராமப் பங்கில் திட்ட வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆறு கிளைக்கிராமங்கள். ஞாயிறு மறைக்கல்விக்கு ஆசிரியர்களைத் தயார் செய்ய ஒரு நிதி நிறுவனத்திடம் மூன்று தவணையாக உதவி கேட்டிருந்தோம்; கிடைத்தது. முதல் தவணை வந்த வாரம் நல்ல மழை. கோயிலின் ஓட்டுக்கூரை பீடத்துக்கு நேர் மேலே ஒழுகியது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் 26 நாள். பங்குத்தந்தையும் நானும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். கூரையை இப்போது மாற்றிவிடலாம், திருவிழா வசூலில் அந்தப் பணத்தைத் திரும்ப வைத்துவிடலாம். "எல்லாம் ஆண்டவர் வேலைதானே ஃபாதர்?" என்றேன். அவரும் தலையாட்டினார்.

கூரை மாறியது. திருவிழா வசூல் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் வெடிக்கும் போனது, வழக்கம்போல.

ஆறு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று பயிற்சி முகாம் நடத்தியதாகக் காட்டியாக வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரே சனிக்கிழமை எல்லோரையும் வரவழைத்து, மூன்று தேதி போட்ட மூன்று பேனர்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிப் படம் எடுத்தோம். வருகைப் பதிவேட்டில் மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கையெழுத்து, அதுவும் ஒரே பச்சை மைப் பேனாவில். மேசை மேல் கிடந்த பேனா அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். ஆறு வார இடைவெளிகளில் எடுத்ததாகச் சொல்லும் படங்களில் முன்வரிசையில் இருக்கும் அம்மையார் மூன்று தடவையும் அதே மஞ்சள் கரைச் சேலையில், தலையில் அதே கனகாம்பரச் சரத்துடன் இருக்கிறாரே, இதைக் கொஞ்சம் விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சேலையையாவது ஒருவர் திரும்பக் கட்டுவார். பூவுக்கு என்ன சொல்வது?

உண்மையை எழுதினோம். இரண்டாம் தவணையும் மூன்றாம் தவணையும் வரவில்லை. அதோடு முடிந்திருந்தால் எங்கள் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். அதற்கப்புறம் எங்கள் மறைமாவட்டத்திலிருந்து அந்த நிறுவனத்துக்குப் போன விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் கூடுதல் கேள்வி, கூடுதல் சான்று, கூடுதல் காத்திருப்பு. பக்கத்துப் பங்கில் சுத்தமாகக் கணக்கு வைத்திருந்த ஓர் அருட்சகோதரி, தன் விண்ணப்பம் ஒரு வருடம் இழுபட்டதற்குக் காரணம் நான் என்பது தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல் மூட்டுவது வேறொன்று. ஒரே ஒரு கடிதம் போதுமாயிருந்தது. கூரை ஒழுகும் படம், கொத்தனாரின் மதிப்பீடு, "முதல் தவணையில் இவ்வளவு தொகையை இதற்கு மாற்றிக்கொள்ள அனுமதி கிடைக்குமா, பயிற்சியை இந்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாமா" என்று இரண்டு பத்தி. சம்மதித்தாலும் சம்மதிப்பார்கள், முடியாது என்றாலும் சொல்வார்கள். முடியாது என்றால் பீடத்தின் மேல் ஒரு தார்ப்பாய். திருவிழாவுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து நாலு பேர் கூரைக்கென்றே கொடுத்திருப்பார்கள்.

நன்கொடையாளரின் மனக்கசப்போடு இது நிற்பதும் இல்லை. எஃப்.சி.ஆர்.ஏ. என்று நாம் சொல்லும் 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 8ஆம் பிரிவில் பச்சையாகச் சொல்கிறது: எந்த நோக்கத்துக்காக வாங்கினீர்களோ அதற்கே செலவிட வேண்டும். கோயில் வேலைக்கே போனாலும், பயிற்சிக்கென்று வந்த பணம் பயிற்சிக்குப் போகவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அது மீறல்தான். வெளிநாட்டுப் பணம் வாங்க இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள பதிவு ரத்தானால் பாதிப்பு உங்கள் கெபியோடு நிற்காது. அந்தப் பதிவின் கீழ் நடக்கும் விடுதி, மருந்தகம் எல்லாம் சேர்ந்து தவிக்கும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்கலாம். பிரான்சின் லியோன் நகரில் போலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், பட்டுத்தறித் தொழிலாளர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, தலைக்கு வாரம் ஒரு காசு வசூலித்தார். அதிலிருந்துதான் 1822இல் மறைபரப்புச் சங்கம் பிறந்தது. சரியாக 200 வருடம் கழித்து, 2022 மே மாதம் அதே ஊரில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. அக்டோபரில் நாம் காணிக்கை எடுக்கும் மறைபரப்பு ஞாயிறை 1926இல் ஏற்படுத்தியவர் திருத்தந்தை பதினோராம் பயஸ். என் அப்பத்தா அடுப்படியில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார், கோயிலுக்கென்று. வீட்டில் அரிசி தீர்ந்த நாளிலும் அந்தப் பானையில் கைவைக்க விடமாட்டார். அதைப் பார்த்து வளர்ந்த நான்தான் அந்தத் திண்ணையில் அப்படிப் பேசினேன்.

இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப் பேரேடு. செலவுத் தலைப்பு மாற வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வரும்வரை ஒரு ரூபாய் நகராது. முகாம் நடக்கவில்லை என்றால் அறிக்கையில் "நடக்கவில்லை, காரணம் இது" என்று எழுதுகிறேன். அப்படி எழுதியதற்காக இதுவரை எனக்கு ஒரு தவணையும் நின்றதில்லை.

இளம் ஃபாதரிடம் இதையெல்லாம் சொன்னேன். "யோசிக்கிறேன் சார்" என்றார்.

பக்கத்துப் பங்குக்குக் கைமாற்றுவது

முன்பெல்லாம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள ஒரு சங்கம் பணம் வாங்கி, சின்னச் சின்னச் சபைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020இல் அந்தச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாங்கும் சங்கத்துக்கும் பதிவு இருந்தால்கூடக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50. ஆகவே "அவங்க பேர்ல வாங்கி நமக்குத் தருவாங்க" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

திருமுழுக்கு எண்ணிக்கையை இலக்காக எழுதுவது

"மூன்று வருடத்தில் இத்தனை குடும்பங்கள் மனம் மாறும்" என்று இன்னும் எழுதுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கும் என்ற நினைப்பு. ஆசை காட்டியோ வற்புறுத்தியோ மதம் மாற்றியதாக வழக்கு வந்தாலே எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கிடைக்காது. சட்டத்தை விடுங்கள்; ஆசை காட்டி யாரையும் விசுவாசத்துக்கு இழுக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. அரிசி விநியோகப் பட்டியலும் ஞானோபதேச வகுப்புப் பட்டியலும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, தாளை மிச்சப்படுத்தியிருக்கிறார். படிப்பவருக்கு அது தெரியாதே. எத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி, எத்தனை அன்பியங்கள் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்கள்) மாதாமாதம் கூடும் என்று உங்கள் கையில் இருப்பதை எழுதுங்கள். மனமாற்றம் உங்கள் கையில் இல்லை.

முழுச் செலவையும் கேட்பது

உள்ளூர்ப் பங்களிப்பு என்ற வரியில் பூஜ்யம் போட்டு அனுப்பினால், உங்கள் மக்களுக்கே இதில் அக்கறை இல்லை என்று படிப்பார்கள். பயிற்சி நாளில் சமைத்துப் போடும் மாதர் சங்கத்தின் உழைப்பு, இலவசமாகக் கிடைக்கும் பள்ளிக்கூட ஹால், விறகு, வாழையிலை, எல்லாவற்றுக்கும் விலை போட்டு எழுதலாம்.

யூரோவில் மட்டும் கணக்குப் போடுவது

ரூபாயில் போடுங்கள். பக்கத்தில் யூரோவும், எந்தத் தேதி மாற்று விகிதம் என்பதும்.

நன்றிக் கடிதம்

எழுதுங்கள்.

டிசம்பர் 31

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. எஃப்.சி.-4 என்ற எஃப்.சி.ஆர்.ஏ. படிவத்தில் ஆண்டுக் கணக்கை அதிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வருடம் ஒரு பைசாகூட வரவில்லை என்றாலும் 'இல்லை' என்று காட்டித் தாக்கல் செய்தாக வேண்டும். குடில் ஜோடிக்கும் வாரத்தில் ஆடிட்டரைத் தேடாதீர்கள். அவரும் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருப்பார்.