ஆக்ட்ரியோடைட் ஊசியை வீட்டிலேயே போடுகிறீர்களா? முதலில் சிரிஞ்ச் மூடியின் நிறத்தைப் பாருங்கள்

அக்ரோமெகாலி (வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து கை, கால், முகம் பெரிதாகும் நோய்), மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை எடுத்தாயிற்று, அப்புறமும் வளர்ச்சி ஹார்மோன் இறங்கவில்லை, டாக்டர் அதை அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசியை எழுதிக் கொடுத்து "வீட்டிலேயே போட்டுக்கலாம், இன்சுலின் மாதிரிதான்" என்று அனுப்பிவிட்டார். இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அங்கிருந்து வந்தவன்தான். மோதிரத்தை நகைக்கடையில் வெட்டி எடுத்தது, 8-ஆம் நம்பர் செருப்பு 10 ஆனது எல்லாம் பழைய கதை, விடுங்கள்.

"இன்சுலின் மாதிரிதான்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கல் இருக்கிறது. குத்துவது இன்சுலின் மாதிரிதான், அளப்பது அப்படி இல்லை. இன்சுலின் சிரிஞ்சில் கோடுகள் யூனிட்டில் இருக்கும். ஆக்ட்ரியோடைட்டுக்கு யூனிட்டே கிடையாது, மைக்ரோகிராம்தான். நம் ஊர் மெடிக்கலில் இன்னும் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் விற்கிறார்கள்: சிவப்பு மூடி போட்டது யூ-40, அதாவது 1 மில்லிக்கு 40 கோடு, ஆரஞ்சு மூடி யூ-100, 1 மில்லிக்கு 100 கோடு. உங்கள் ஆம்பியூலில் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில்) 1 மில்லிக்கு 100 மைக்ரோகிராம் என்று இருந்து, டாக்டர் சொன்ன அளவு 50 மைக்ரோகிராம் என்றால் அரை மில்லி இழுக்க வேண்டும். அந்த அரை மில்லி சிவப்பு மூடியில் 20-ஆம் கோடு, ஆரஞ்சு மூடியில் 50-ஆம் கோடு.

நான் சிவப்பில் பழகியவன். ஒரு முறை கடையில் ஆரஞ்சு கொடுத்துவிட்டார்கள், நானும் கவனிக்காமல் கை பழகிய 20-ஆம் கோடு வரைக்கும் இழுத்து நான்கு நாள் போட்டேன். ஒவ்வொரு வேளையும் 20 மைக்ரோகிராம்தான் உள்ளே போயிருக்கிறது. தலைவலி திரும்ப வந்தபோது வெயில் என்று நினைத்தேன். உடைத்த ஆம்பியூலில் பாதிக்கு மேல் மருந்து மிஞ்சி நிற்பதை என் மனைவி பார்த்துக் கேட்டபிறகுதான் புரிந்தது. எனக்குக் குறைவாகப் போனது, ஆரஞ்சில் பழகி சிவப்புக்கு மாறுபவருக்கு இதுவே கூடுதலாகப் போகும்.

அதனால் முடிந்தால் இன்சுலின் சிரிஞ்சையே விட்டுவிட்டு, மில்லி கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ "எத்தனை மைக்ரோகிராம், எத்தனை மில்லி" என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை புது பெட்டி வாங்கும்போதும் மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று படியுங்கள், ஏனென்றால் 50, 100 என்று வெவ்வேறு வீரியத்தில் ஆம்பியூல்கள் வருகின்றன. பெரும்பாலும் ஒரு வேளைக்கு 50 மைக்ரோகிராமில் தொடங்கி ஒரு நாளைக்கு மூன்று வேளை போடச் சொல்வார்கள், பிறகு ரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஏற்றுவார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் வேலை.

மூன்று வேளை ஏன் என்று கேட்பீர்கள். நம் உடம்பிலேயே வளர்ச்சி ஹார்மோனை அடக்க சோமடோஸ்டாட்டின் என்று ஒன்று இருக்கிறது, 1973-இல் கண்டுபிடித்தார்கள், ஆனால் ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதி கரைந்துபோகும். 14 அமினோ அமிலம் கொண்ட அதை 8 அமினோ அமிலமாகச் சுருக்கி, சீக்கிரம் சிதையாதபடி செய்ததுதான் ஆக்ட்ரியோடைட். அதற்கும் ஒன்றரை மணி நேரம் போல ஆனால் பாதி போய்விடும். கட்டியை இது கரைத்துவிடும் என்று நினைத்து, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், சிலருக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கலாம், ஆனால் பொதுவாகப் போடுகிற வரைக்கும்தான் ஹார்மோன் அடங்கியிருக்கும்.

பெட்டியை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், அட்டையோடு, வெளிச்சம் படாமல் வையுங்கள். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம், உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். வெளியே 30 டிகிரி வரைக்கும் 14 நாள் தாங்கும் என்பார்கள், ஆனால் மதுரையில் சித்திரை மாத அறையில் 30 எங்கே இருக்கிறது? பயணம் போனால் ஐஸ் பெட்டி, ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணி.

போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். அவசரத்துக்கு வெந்நீரில் போடக்கூடாது. மருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக, நிறமில்லாமல் இருக்க வேண்டும், கலங்கலோ தூசு மாதிரி ஏதாவதோ தெரிந்தால் வேண்டாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஆம்பியூல் கழுத்தில் பஞ்சைச் சுற்றி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உடையுங்கள் (முதல் வாரம் விரலைக் கிழித்துக்கொள்ளாதவர் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்). அளவாக இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, தொப்புளில் இருந்து இரண்டு விரல் தள்ளி வயிற்றிலோ தொடையின் மேல்பக்கத்திலோ தோலைக் கிள்ளிப் பிடித்து மெதுவாகச் செலுத்துங்கள். தேய்க்க வேண்டாம். நேற்று வலது பக்கம் என்றால் இன்று இடது, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கட்டிப்போகும். ஆம்பியூலில் மிஞ்சுவதை அடுத்த வேளைக்கு என்று மூடி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், விலை அப்படி. இருந்தாலும் கொட்டிவிடுங்கள், உடைத்த ஆம்பியூல் ஒரு வேளைக்குத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் போடாமல் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவிலோ படுக்கப்போகும்போதோ போட்டால் வயிறு குறைவாகப் படுத்தும். முதல் சில வாரம் லூஸ் மோஷன், வாயு, வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம் எல்லாம் வரலாம், பலருக்குத் தானாகவே அடங்கும். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரண்டையும் சேர்த்து வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இந்த மருந்து இன்சுலினையும் அடக்கும், அதற்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககானையும் அடக்கும், அதனால் சர்க்கரை இறங்கவும் செய்யலாம், ஏறவும் செய்யலாம். ஆரம்பத்திலும் அளவு மாற்றும்போதும் வீட்டில் அடிக்கடி குத்திப் பார்த்து எழுதி வைத்து, மாத்திரையை மாற்றும் முடிவை டாக்டரிடம் விடுங்கள். இதயத்துடிப்பும் குறையலாம், ஏற்கெனவே அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உறுப்பு மாற்று சிகிச்சை செய்து சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களும் அப்படித்தான், அந்த மருந்தின் அளவை இது ரத்தத்தில் குறைத்துவிடும். பெண்களிடம் பல இடங்களில் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று: ஹார்மோன் சீராகும்போது நின்றிருந்த மாதவிடாயும் கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பலாம், குழந்தை இப்போது வேண்டாம் என்றால் அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நாள்பட்ட தொல்லை பித்தப்பைக் கல். பை சரியாகச் சுருங்காமல் பித்தம் தேங்குவதால் வருவது, நிறையப் பேருக்கு வந்தும் வலியே இருக்காது. தொடங்கும் முன் ஒரு ஸ்கேன், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தோள்வரைக்கும் போகும் வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முகம் வீங்குவது, மூச்சுத் திணறல், மயக்கம் என்றாலும் அதேதான், காத்திருக்க வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் அடங்கியிருக்கிறதா என்று காட்டும் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனையை எப்போதும் ஒரே லேபில் செய்யுங்கள், லேபுக்கு லேப் எண் மாறும், வயதுக்கு ஏற்ப அளவும் மாறும். தைராய்டு, பி12 இரண்டையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து "எல்ஏஆர்" என்கிற நீண்டநாள் ஊசிக்கு மாற்றலாம். பெயர் ஒன்றுதான், மருந்தைக் கையாளும் விதம் முழுக்க வேறு. அது மில்லிகிராமில் வரும், பெரும்பாலும் 20-இல் தொடங்குவார்கள், அதாவது நீங்கள் வீட்டில் போட்ட 50 மைக்ரோகிராமைப் போல 400 மடங்கு, மெல்ல மெல்ல வெளியேறும்படி பொடிக்குள் அடைத்தது. கலக்கினால் பால் மாதிரி இருக்கும், கலக்கியதும் உடனே போட வேண்டும், பிட்டத்துத் தசையில் ஆழமாக, பழகிய நர்ஸ் கையால். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றால் 28 நாள், "மாதம் ஒன்று" என்று தேதி வைத்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் நழுவும். பெட்டியை நீங்களே வாங்கிக்கொண்டு போகிறவர் என்றால், போடுவதற்கு அரை மணி நேரமாவது முன்னால் குளிர் விட்டிருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள், ஜில்லென்று கலக்கினால் ஊசி அடைத்துக்கொள்ளும், அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்து சிரிஞ்சிலேயே நின்றுவிடும்.

பயன்படுத்திய சிரிஞ்சையும் கண்ணாடித் துண்டுகளையும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அடுத்த முறை போகும்போது ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் குப்பை பிரிக்கும் அம்மா வெறுங்கையோடுதான் வருகிறார்.