தையல் ஊசியில் தொடங்கும் பொருளறிவியல்

பொருளறிவியலைப் பள்ளியில் கற்பிக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சில தையல் ஊசிகள், ஒரு புன்சன் அடுப்பு, இரண்டு குறடுகள், ஒரு கிண்ணம் தண்ணீர், ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பு ஆகியவை போதும். ஊசி முறியும்போது துண்டு தெறிக்கும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி அணியாத எவரையும் மேசையருகே அனுமதிக்கக் கூடாது.

முதலில், சூடேற்றாத ஊசியைக் குறடுகளால் பற்றி மெல்ல வளைத்து, எவ்வளவு வளைந்தபின் முறிகிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். இரண்டாவது ஊசியை நன்கு சிவக்கும்வரை காய்ச்சி, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு சுடருக்கு மேலே சிறிது சிறிதாக உயர்த்தி ஆறவிட வேண்டும். அது கம்பிபோல் வளைந்துகொடுக்கும். மூன்றாவதை அதே செந்நிறத்தில் சட்டென்று தண்ணீரில் தோய்க்க வேண்டும். மெல்லிய ஊசி காற்றிலேயே நொடியில் ஆறிவிடும் என்பதால் சோதனை பெரும்பாலும் இங்கேதான் தவறும். கிண்ணத்தைச் சுடரை ஒட்டியே வையுங்கள். சரியாகத் தோய்ந்த ஊசி வளையாமல் கண்ணாடிபோல் முறியும்.

ஒரே எஃகு ஏன் இருவிதமாக நடந்துகொள்கிறது என்று மாணவர்களைச் சிந்திக்கவிட்டு, அதன் பிறகே விளக்குங்கள். எஃகு என்பது சிறிதளவு கார்பன் கலந்த இரும்பு. ஏறக்குறைய 727 டிகிரி செல்சியசுக்கு மேல் இரும்பணுக்களின் அடுக்குமுறை மாறுவதால் கார்பன் அதனுள் கரைகிறது. மெதுவாக ஆறும்போது கார்பன் இரும்புடன் சேர்ந்து இரும்புக் கார்பைடு அடுக்குகளாகப் பிரிந்துவிடுகிறது, திடீரென ஆறும்போதோ வெளியேற வழியின்றிச் சிக்கி, மார்ட்டென்சைட் எனும் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள அமைப்பை உருவாக்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது ஊசி. தோய்த்த ஊசியை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, ஓர் இரும்புத் தகட்டின்மேல் வைத்து அடியிலிருந்து சூடாக்கினால், முதலில் வைக்கோல் நிறமும் பிறகு ஊதாவும், ஏறக்குறைய 300 டிகிரியில் நீலமும் தோன்றும். நீலத்தில் எடுத்து ஆறவைத்த ஊசி, கடினத்தைப் பெரிதும் இழக்காமலே சுருள்வில்போல் வளைந்து நிமிரும். அரிவாளுக்குத் துவைச்சல் கொடுக்கும், அதாவது காய்ச்சித் தோய்த்துப் பதமேற்றும், கொல்லரும் இந்த நிறங்களைப் பார்த்தே பதம் அறிகிறார். அருகில் பட்டறை இருந்தால் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இறுதியாக, கட்டடவேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். அது தோய்த்த பிறகும் வளையும். ஊசியில் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும் கார்பன் கம்பியில் மிகக் குறைவு என்பதை மாணவர்களே ஊகித்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.