ஒப்பந்த வேலையில் இருந்தபடி வீட்டுக் கடன் வாங்க

போளூரிலிருந்து வந்து ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். பதினோரு மாதத்துக்கு ஒரு புது பணி ஆணை. முதல் வங்கியில் "நிரந்தரமா?" என்று கேட்டதோடு சரி, விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வங்கியில் என்னைக் காப்பாற்றியது வருங்கால வைப்பு நிதி பாஸ்புக். ஒப்பந்ததாரர்கள் மாறினாலும் யுஏஎன் எனும் வைப்பு நிதி உறுப்பினர் எண் ஒன்றுதான். நான் வேலை பார்த்த ஐந்து வருடச் சந்தாவும் விடுபடாமல் அந்தப் பாஸ்புக்கில் இருந்தது. மேலாளர் விரல் வைத்து மாதம் மாதமாக எண்ணினார். ஆகவே வேலைக்கும் வருமானத்துக்கும் பதிவு இருக்கட்டும்: சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், கணக்கில் போடச் சொல்லுங்கள். பழைய ஆணைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

30 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. மீதியும் பத்திரச் செலவும் நம் பொறுப்பு.

காட்பாடியில் மனை பார்த்தபோது முன்பணத்துக்கு முன்பே வில்லங்கச் சான்று எடுத்தோம். தீராத அடமானம் ஒன்று தெரிந்தது, விட்டுவிட்டோம்.