கனடாப் பனிக்குக் குடும்ப வண்டி: டயர் கணக்கை முதலில் போடுங்கள்

ஒன்ராறியோவில் குடும்ப வண்டி பார்க்கப் போனால் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “ஆல் வீல் டிரைவ் இருக்கிறதா?” என்றுதான். நான்கு சக்கரமும் இழுத்தால் பனி மூடிய டிரைவ்வேயிலிருந்து வண்டி சுலபமாகக் கிளம்பும், மேடு ஏறும். பிரேக் பிடிக்கும்போது அதனால் பயனில்லை. எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தானே பிரேக்! ஐஸில் நிறுத்துவதும் வளைவில் தடம் மாறாமல் திருப்புவதும் டயர் வேலை. அதனால் வண்டி விலையோடு நான்கு வின்டர் டயர், தனி ரிம் செலவையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுப்படவில்லையா? முன்சக்கர இழுவை வண்டியும் நல்ல வின்டர் டயரும், ஆல் சீசன் டயர் போட்ட ஆல் வீல் டிரைவை விட மேல்.

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆல் சீசன் டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். வின்டர் டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும்; சேறு, பனி என்பதைக் குறிக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ (M+S) எழுத்து மட்டும் போதாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குத் தள்ளுபடி தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். 19, 20 அங்குல ரிம்மோடு வரும் வண்டிக்கு 17 அல்லது 18 அங்குல ரிம் பொருந்துமா, பிரேக் காலிப்பரில் (சக்கரத்துக்குள் பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகம்) இடிக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். சிறிய ரிம்முக்கு டயர் மலிவு, குழியில் விழுந்தாலும் தாங்கும்.

இழுவை முறையிலும் வேறுபாடு உண்டு. ஹோண்டா சிஆர்-வி போன்றவற்றில் பின்சக்கரம் தேவைப்படும்போது சேர்ந்துகொள்ளும். டொயோட்டா ரவ்4 ஹைபிரிட்டில் பின்சக்கரங்களுக்குத் தனி மின்மோட்டார். எஞ்சினிலிருந்து பின்னால் போகும் தண்டு இல்லை. சுபாருவில் எப்போதும் நான்கும் இழுக்கும். நகரக் குடும்பத்துக்கு இவற்றில் எதுவானாலும் போதும். பிக்கப்களில் வரும் பார்ட் டைம் 4டபிள்யூடி (தேவைப்படும்போது ஓட்டுபவரே போடும் நான்கு சக்கர இழுவை) மட்டும் வேறு: அதைக் காய்ந்த சாலையில் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து கியர்கள் பாழாகும்.

பனிவாரி வண்டி டிரைவ்வே வாசலில் குவித்துவிட்டுப் போகும் கட்டியைத் தாண்ட உயரம் வேண்டும். சுபாரு ஃபாரஸ்டரின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 220 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். டொயோட்டா சியன்னா வேன் ஆல் வீல் டிரைவ் ஆனாலும் தாழ்வு.

பார்க்கப் போகும்போது குழந்தை இருக்கைகளையும் கொண்டுபோய்ப் பொருத்துங்கள். குழந்தை இருக்கையின் மேல்பட்டியை மாட்டும் கொக்கி மூன்றாம் வரிசையில் எல்லா இடத்திலும் இராது. தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையைக் கட்டக்கூடாது. மோதலில் ஜாக்கெட் நசுங்கி வார் தளர்ந்துவிடும். அதனால் ஏறும் முன்பே வண்டியைச் சூடாக்கி வைக்க உதவும் ரிமோட் ஸ்டார்ட் வெறும் சொகுசல்ல. புகை தேங்கும் என்பதால் மூடிய கராஜுக்குள் மட்டும் அதைப் போட வேண்டாம்.

பழைய வண்டியானால் லிஃப்டில் ஏற்றிப் பிரேக் குழாய்களையும் பின் அச்சுச் சட்டத்தையும் பாருங்கள். சாலை உப்பு அங்கேதான் தின்னும். புதிதாகக் கறுப்பு பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். காய்ந்த தரையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகச் சுற்றுங்கள்: உதறினாலோ முனகினாலோ பின் டிஃபரென்ஷியலில் (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) கோளாறு இருக்கலாம், அதன் எண்ணெய் மாற்றிய ரசீது கேளுங்கள். நான்கு டயரின் தேய்மானமும் ஒத்திருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் முன், பின் சக்கரங்களை இணைக்கும் கிளட்ச் ஓயாமல் உழைத்துச் சூடேறும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்த டயர் பனிக்கு உதவாது.

டயர் மாற்றியபின் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள். வெப்பம் 5 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். அதை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில் அளந்து, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தகவல் தாளில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள்.