தட்டி இறுக்கும் சக்கர நட்டு: காதைப் பார்த்து வாங்காதீர்கள்

எம்ஜிபி, ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார் இ-டைப் போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில், கம்பிச் சக்கரத்தை நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்து வைத்திருக்கும். சுத்தியலால் தட்டித்தான் இறுக்க வேண்டும், கழற்றவும் வேண்டும். மாற்று நட்டு தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அதில் சுத்தியலால் தட்ட நீட்டிக்கொண்டிருக்கும் 'காது' இரண்டா, மூன்றா என்பதை. கடைசியாகப் பார்க்க வேண்டியது அது.

முதலில் பார்க்க வேண்டியது மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. இந்தக் கார்களில் உள்ள ரட்ஜ்-விட்வொர்த் என்ற நட்டு முறையில், காரின் இடப்பக்க ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) வலது மரை, வலப்பக்க ஹப்பில் இடது மரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நட்டின் மேல் 'இடது' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அது காரின் பக்கத்தைச் சொல்கிறது. உள்ளே இருப்பது வலது மரை. விற்பவரோ 'இடது' என்று மரையைச் சொல்வார். அதனால் எழுத்தை நம்பாமல் திருகிப் பாருங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் ஏறினால் வலது மரை.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. நட்டின் உட்புறச் சரிவு, சக்கர மையத்தின் சரிவை வெளியிலிருந்து தழுவிப் பிடிக்கிறது. பாரத்தோடு சக்கரம் உருளும்போது, இடுப்பில் சுழலும் வளையம் போல நட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மரை சரியான பக்கம் இருந்தால் அந்த நகர்வு இறுக்கும், மாறியிருந்தால் கழற்றும். சரி, ஹப்போடு நட்டு பொருந்திவிட்டதே என்று நிம்மதி அடையவும் முடியாது. பழுது பார்த்தபோது ஹப்புகளையே பக்கம் மாற்றிப் போட்டிருந்தால் நட்டு அழகாக ஏறும், ஓடும்போது கழன்றுவிடும். சோதனை எளிது: கார் முன்னே போகையில் சக்கரம் சுற்றும் திசையில் தட்டினால் நட்டு கழல வேண்டும்.

அடுத்தது மரையின் நெருக்கம். எம்ஜிபி ரோட்ஸ்டரில் (திறந்த கூரை மாடலில்) பழைய பான்ஜோ வகைப் பின் அச்சு (நடுப்பகுதி உருண்டையாகப் புடைத்தது) இருந்தால் அங்குலத்துக்கு 12 மரை, பின்னால் வந்த குழாய் அச்சென்றால் 8. தயாரிப்பு ஆண்டை வைத்து ஆர்டர் போடாதீர்கள். இத்தனை வருடத்தில் யாராவது அச்சை மாற்றியிருக்கலாம். ஹப்பில் அரை அங்குலம் அளந்து எண்ணுங்கள். ஆறு வந்தால் 12, நாலு வந்தால் 8. தவறான நட்டு ஒரு சுற்று ஏறிவிட்டுத்தான் சிக்கும். 'துரு பிடித்திருக்கும்' என்று அங்கே சுத்தியலை எடுத்தால் ஹப்பின் மரையும் போச்சு.

ஹப் அளவும் இருக்கிறது: எம்ஜிபி, ஹீலி 42 மி.மீ. வகை, இ-டைப் 52. கம்பிச் சக்கரத்தை விட்டு அலாய் (வார்ப்பு உலோகச்) சக்கரத்துக்கு மாறுபவர்கள் பழைய நட்டே போதும் என்று இருந்துவிடக் கூடாது. சரிவு உட்காரும் இடம் வேறாக இருக்கலாம். சரிவில் நீல மை தடவி இறுக்கிக் கழற்றுங்கள். மை சுற்றிலும் ஒட்டாமல் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டினால் அந்த நட்டு வேண்டாம்.

அப்புறம் காது. 1968 முதல் அமெரிக்காவுக்குப் போன கார்களில் நீட்டிய காதுகளுக்குத் தடை வந்ததால் எம்ஜிபிக்கு எண்கோண நட்டு போட்டார்கள். அதனால் அமெரிக்காவிலிருந்து வந்த காரில் எண்கோணத்தைக் கண்டு 'இது ஒரிஜினல் இல்லை' என்று தூக்கிப் போட வேண்டாம். அதற்கென்று உள்ள ஸ்பேனரைத் தேடி வாங்குங்கள். உளி வைத்து அடித்த வடு பல நட்டுகளில் இருப்பது அந்த ஸ்பேனர் இல்லாததால்தான்.